மூச்சுக்கரட்டிலிருந்து இறங்கி வந்தது

முதலில் சத்தம்தான் வந்தது. நனைந்த சாக்கைச் சரளைக்கல் மேல் இழுத்துக்கொண்டு போகிற சத்தம். ஒரு சாக்கு இல்லை, நூறு சாக்கு, நூறு பேர் அவசரமில்லாமல் சேர்ந்து இழுக்கிற மாதிரி. மின்னல்கொடியின் மல்லிகைத் தோட்டத்து மோட்டார்த் தொட்டியில் உட்கார்ந்து, அறுபது மீட்டர் கயிற்றை முழம் முழமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த தவசி, பாதிக் கயிற்றில் கையை நிறுத்திக் காதைச் சாய்த்தான். காலை எட்டரை மணி. பள்ளிக்கூட வேன் வருகிற நேரம். சத்தம் மூச்சுக்கரட்டின் உச்சியில் புறப்பட்டு, சரிவில் இறங்கி, கற்றாழை வேலியைத் தாண்டி, ஓடைப் பாலத்தடியில் ஒரு நிமிஷம் நின்று இளைப்பாறி, மறுபடியும் கிளம்பியது. அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இருட்டு ஊருக்குள் வந்துகொண்டிருந்தது.

மேய்ச்சல் முடிந்து மாடுகள் திரும்புவதைப்போலத்தான் வந்தது. முன்னால் பெரிசு, பின்னால் சிறிசு, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு, வெயிலில் நடந்து பழக்கமில்லாததால் நிழல் கண்ட இடத்திலெல்லாம் தயங்கித் தயங்கி, ஒரு துண்டு பஸ் நிறுத்தத்துக்குள் நுழைந்தது, ஒரு துண்டு தண்ணீர் டேங்கின் கால்களுக்கு இடையில் படுத்தது, ஒரு துண்டு ரேஷன் கடையின் அரிசி மூட்டைகளுக்கு நடுவே போய் ஒடுங்கிக்கொண்டது. வேன் டிரைவர் ஒருதரம் ஹாரன் அடித்துப் பார்த்தான். விலகி வழிவிட்டது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

தவசி கயிற்றைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு எழுந்தான். இது தான் செய்த காரியத்தால் வந்தது என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தவசி நூல்மில்லில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிப்டு. இராத்திரியெல்லாம் டியூப்லைட் அணையாத மில்லும், பகலெல்லாம் ஓட்டுச் சந்து வழியாக வெயில் ஒழுகுகிற வீடுமாக, ஒரு முழு இருட்டைக் கண்ணால் பார்க்காமலே அவன் இளமை கழிந்தது. தூக்கம் வராது. வேட்டியை நாலாக மடித்துக் கண்ணில் கட்டினாலும் வெளிச்சம் ரெப்பைக்குள் சிவப்பாக நிற்கும். அப்படி இருந்தவனை, கூட வேலை பார்த்த அய்யங்காளைதான் ஒரு நாள், "வா மச்சான், ஒனக்கு ஒரு எடம் காட்டுறேன்" என்று மூச்சுக்கரட்டுப் புடவுக்குக் கூட்டிப்போனான். அந்தப் பக்கம் குகையைப் புடவு என்பார்கள். ஆட்டுக்காரர்கள் மழைக்கு ஒதுங்குகிற வாசல்தான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு உள்ளே முதல் கூடம், வயிற்றால் தவழ்ந்து போனால் இரண்டாம் கூடம், அங்கிருந்து நாற்பதடி கயிற்றில் இறங்கினால் மூன்றாம் கூடம். மூன்றாம் கூடத்தில் விளக்கை அணைத்தால் கையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாலும் தெரியாது. தவசி அங்கே முதல் நாள் அழுதுவிட்டான்.

பிறகு இரண்டு பேருக்கும் அதுவே பைத்தியமானது. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த ஒரு சொந்தக்காரரிடம் முடிச்சு கற்றார்கள், செல்போனில் படம் பார்த்துக் கயிறு வாங்கினார்கள், சிறுமலை, கொல்லிமலை என்று விடுப்பெடுத்து அலைந்தார்கள். அவர்களாகவே சில சட்டமும் வைத்துக்கொண்டார்கள். ஒன்று, ஆளுக்கு ஒரு விளக்குக்கு மேல் கூடாது. இரண்டு, திரும்புவதற்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் பேசாமல் உட்கார வேண்டும். விளக்குக்குப் பயந்து மூலைக்குப் போன இருட்டு தன் இடத்துக்குத் திரும்பி வர அவ்வளவு நேரம் வேண்டும் என்பது அய்யங்காளையின் கணக்கு. மூன்று, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடத்தில் கல்லால் பாறையைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் எங்கே இருக்கிறாய். இரண்டு தட்டு என்றால் வருகிறேன். மூன்று தட்டு என்றால் காத்திரு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ஷிப்டு முடிந்து இரண்டு பேராகப் போனவர்கள் ஒரு ஆளாகத் திரும்பினார்கள். வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் தவசி கொஞ்சம் கண்ணசந்து, விழித்து விளக்கைப் போட்டபோது பக்கத்தில் அய்யங்காளை இல்லை. கயிறு அப்படியே தொங்கியது. போலீஸ் வந்தது, தீயணைப்பு வந்தது, இரண்டு நாள் தேடியது, ஒரு செருப்புகூட அகப்படவில்லை. எவ்வளவு நேரம் கண்ணசந்தாய் என்று கேட்டார்கள். பத்து நிமிஷம் என்றான். எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவசி தனியாகப் போய் மூன்றாம் கூடத்துப் பாறையை ஒருதரம் தட்டினான். வெகுநேரம் கழித்து, பாறைக்கு அந்தப் பக்கம் எங்கோ தூரத்திலிருந்து மூன்று தட்டு வந்தது. டொக், டொக், டொக். அதற்கடுத்த ஞாயிறும் மூன்று. ஒன்பது வருஷமாக மூன்று. ஒவ்வொரு ஞாயிறும் கயிற்றைக் கழுவ அவன் அய்யங்காளையின் மனைவி மின்னல்கொடியின் தோட்டத்துத் தொட்டிக்குத்தான் வருவான். அவள் பூப் பறித்த கூடையோடு வந்து நிற்பாள்.

"இன்னைக்கும் மூணுதானாண்ணே?"

"மூணுதான் தங்கச்சி."

"சரி" என்று போய்விடுவாள். ஆள் காணாமல்போய் ஏழு வருஷம் முடிந்ததும் தாசில்தார் ஆபீஸில் இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "காத்திருன்னு சொல்லிட்டுப் போனவருக்கு எதுக்கு சார் சர்ட்டிபிகேட்டு?" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

சினிமாக்காரர்கள் வந்தது இந்தப் பங்குனியில். கதாநாயகன் ஒரு பழைய ஓலையை வைத்துக்கொண்டு மலைக்குள் புதையல் தேடுகிற சாகசப் படம். தவசி தவழ்ந்து போகிற ஒரு வீடியோவை எங்கேயோ பார்த்துவிட்டு, இயக்குநர் அபிநந்தன் ஆள் அனுப்பினார். குகை ஆலோசகர் என்று பேப்பரில் பெயர் போட்டார்கள். யூனிட்டில் எல்லோரும் குகை மாஸ்டர் என்றார்கள். கதாநாயகன் ஒற்றைக் கையால் பாறையில் தொங்க வேண்டும் என்றார் இயக்குநர்.

"அப்படித் தொங்குனா தோள்பட்டை கழண்டுரும் சார்" என்றான் தவசி.

"படத்துல கழலாது மாஸ்டர்."

"அந்த ஆளு குகைக்குள்ள ஓடுறாரு. குகைக்குள்ள யாரும் ஓட மாட்டாங்க சார். ஊர்ந்துதான் போகணும்."

"ரெண்டு மணி நேரம் ஹீரோ ஊர்ந்தா ஜனங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

தவசி அதற்கெல்லாம் மறுபேச்சுப் பேசவில்லை. அவன் வந்தது வேறு காரியத்துக்கு. அவனிடம் இருந்தது நெற்றியில் கட்டுகிற ஒரு விளக்கு. இவர்களிடம் லாரி நிறைய வெளிச்சம் இருந்தது. மூன்றாம் கூடத்தின் மூலை முடுக்கையெல்லாம் ஒருதரம், ஒரே ஒருதரம், பட்டப்பகலாக்கிப் பார்த்துவிட்டால், ஒன்பது வருஷமாகத் தட்டுகிறவன் எந்தச் சந்துக்குள் இருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் சரி என்றான். அதற்காகத்தான் ஜெனரேட்டரிலிருந்து ஒயரைத் தானே வயிற்றில் கட்டிக்கொண்டு தவழ்ந்து இழுத்துப் போனான்.

முதல் நாள் ஷூட்டிங் முடிந்ததும் உதவி இயக்குநர் நித்திலா வந்து கேட்டாள். "அண்ணா, லைட்ட அணைச்சா மறுபடி செட் பண்ண அஞ்சு மணி நேரம் ஆகுமாம். அப்படியே எரியட்டுமான்னு கேக்குறாங்க. உங்க ரூல் ஏதோ இருக்குன்னீங்களே?"

தவசி தேடியது பாதிதான் முடிந்திருந்தது. "எரியட்டும்மா" என்றான்.

மூன்று பகல், மூன்று இரவு எரிந்தது. வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட யாரும் அணைக்கவில்லை. தவசி பாறையைத் தடவித் தடவி ஒரு சுற்று வந்தான். சந்து இல்லை, துவாரம் இல்லை, ஒன்றுமில்லை. நாலு பக்கமும் பாறை, பள்ளிக்கூட ஹால்போல. ஒரு மூலையில் மணலில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளம் மட்டும் அழியாமல் இருந்தது. ஒன்றில் ஆள் சாய்ந்து படுத்த தடம் நீளமாக இருந்தது. மற்றதில் எழுந்து போனவனின் கை ஊன்றிய அடையாளம் இருந்தது. மூன்றாம் நாள் அவன் பாறையைத் தட்டிப் பார்த்தான். பதில் வரவில்லை. நாலாம் நாள் காலையில், மனசு சரியில்லாமல், ஞாயிறு இல்லாத நாளில் தொட்டியில் உட்கார்ந்து கயிறு கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாக்கு இழுபடுகிற சத்தம் கேட்டது.

அன்று பத்து மணிக்குத் தவசியும் இயக்குநரும் நித்திலாவும் யூனிட்டு வேனில் கரட்டுக்குப் போனார்கள். புடவு மாட்டுக்கொட்டகை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாசலிலிருந்து நித்திலா காலடி வைத்து அளந்தாள். பதினாலாவது அடியில் பாறை. ஜெனரேட்டர் ஒயர் பாறைக்குள் போய் நின்றது. இழுத்தால் வந்தது, முனையில் விளக்கு மட்டும் இல்லை. இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நேத்து இங்க ஒரு ஹால் இருந்துச்சே மாஸ்டர்."

"இருட்டுதான் சார் ஆழம். அது எறங்கிப் போயிருச்சு."

"சரி, எடுத்தவரைக்கும் போதும். மீதிய மெட்ராஸ்ல செட்டு போட்டுக்கலாம்" என்றார் இயக்குநர். மத்தியானச் சாப்பாட்டுக்குள் லாரிகள் கிளம்பிவிட்டன.

ஊரும் சீக்கிரமே பழகிக்கொண்டது. முதல் நாள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் ரேஷன் கடை இருட்டுக்குள் வரிசை நிற்பது குளுகுளுவென்று இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். ஈரக்கல் வாசமும் கொஞ்சம் வௌவால் வாசமும் அடித்தது. அதற்கு யாரோ ஊதுபத்தி கொளுத்தப் போக, நெருப்பைக் கண்டு அது சுருங்கியதும், "ஏய், அதைப் பயமுறுத்தாத" என்று வரிசையே சத்தம் போட்டது. கோயில் பூசாரி ஒரு துண்டைக் கருவறைக்குள் விட்டுப் பார்த்தார். கருவறை இருட்டும் கரட்டு இருட்டும் எண்ணெயும் தண்ணீருமாகத் தனித்தனியே நின்றன, இது வேற ஜாதி இருட்டு என்று வெளியே அனுப்பிவிட்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, அது படுத்திருப்பது பட்டா நிலத்திலா புறம்போக்கிலா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். அழுதுகொண்டே இருந்த ஒரு கைக்குழந்தையைத் தண்ணீர் டேங்கடி இருட்டில் தொட்டில் கட்டிப் போட்டார்கள், அது ஒன்றரை நாள் தூங்கியது. வேலித் தகராறில் பதினெட்டு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர், பஸ் நிறுத்தத்து இருட்டில் யார் என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தெரிந்த பிறகு நிறுத்த மனசில்லாமல் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

மில்லின் நைட் ஷிப்டு ஆட்கள் பதினோரு பேர் கட்டிலடியில் போட்டுக்கொள்ள ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். எடுப்பது சுலபம்தான், நேராகப் பார்க்காமல் ஈரப் போர்வையைத் தூக்குவதுபோல் ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், மூடி போட்ட பாத்திரத்தில் வைக்க வேண்டும். அதில் ஒருத்தன் தூங்கிய தூக்கத்தைப் பார்த்துப் பொண்டாட்டி ஒப்பாரி வைக்க ஆரம்பிக்க, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதா என்று எழுந்து கேட்டான்.

ஆனால் இருட்டின் அருமையை முழுசாகக் கண்டுபிடித்தது பூ வியாபாரி சந்தியாகுதான். விடிகாலையில் பறித்த மல்லிகை மொட்டு சாயங்காலம் விரிந்துவிட்டால் அதற்கு விலை இல்லை. சந்தியாகு மொட்டுக் கூடையை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தான். மூன்று நாள் ஆகியும் மொட்டு மொட்டாகவே இருந்தது. அதற்குப் பிறகு தோட்டக்காரர்கள் இருட்டைத் தேடிச் சந்து சந்தாக அலைந்தார்கள். சந்தியாகு தெர்மாகோல் பெட்டிக்குள் பூவோடு ஒரு துண்டையும் வைத்துக் கட்டி, மதுரையிலிருந்து விமானத்தில் ஷார்ஜாவுக்கு அனுப்பிவிட்டான். போன இடத்தில் பூ மொட்டாகவே இறங்கியது என்று போன் வந்தது. இருட்டு திரும்பி வரவில்லை.

எல்லா வீட்டிலும் தட்டுகிற சத்தமும் கேட்டது. கட்டிலடியில், கூடைக்குள், அரிசி மூட்டைக்கு நடுவில், மெதுவாக, டொக், டொக், டொக். பல்லி என்றார்கள், எலி என்றார்கள், இருட்டு புது இடத்தில் எலும்பை முறித்துக்கொள்கிறது என்றார்கள். என்ன சத்தம் என்று தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர்தான். தவசி ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டான். ஒன்பது வருஷமாக ஒரே இடத்திலிருந்து வந்த சத்தம் இப்போது ஊரெல்லாம் சிதறிக் கிடந்தது. அய்யங்காளையை யாரோ ஐம்பது வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி. தவசிக்குத் தூக்கம் சுத்தமாகப் போனது.

ஏழாம் நாள் அவன் ரேஷன் கடை வாசலில் ஊரைக் கூட்டிச் சொன்னான். "அதத் திரும்பக் கொண்டுபோய் விடணும். அதுக்குள்ள ஆள் இருக்கு."

"யாரு?"

"அய்யங்காளை."

 சந்தியாகு முன்னால் வந்து சொன்னான். "வெளிச்சம் போட்டு வெரட்டுனது நீயி. வந்ததுக்கு எடம் குடுத்தது நாங்க. இப்ப வந்து குடுன்னா எப்படி மாப்ளே?"

"வெயில்ல அது தாங்காது. இத்துப்போகும்."

"எங்க வீட்டுல நல்லாத்தான இருக்கு. வேளாவேளைக்கு ஜன்னலச் சாத்துறோம்."

சிரித்தார்கள்.  தவசி செய்ததைத்தான் சந்தியாகு சொன்னான்.

ஆனால் தவசி சொன்னதுபோலத்தான் நடந்தது. பத்தாம் நாள் இருட்டு சாயம் போக ஆரம்பித்தது. முதலில் பழைய குடைத்துணி மாதிரி, பிறகு அடுப்படிக் கரித்துணி மாதிரி, பிறகு சாம்பல் மாதிரி. கூடைக்குள் மொட்டு மத்தியானமே விரிந்தது. கட்டிலடியில் தூங்கினவன் ஒரு மணி நேரத்தில் எழுந்தான். அண்ணனும் தம்பியும் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தட்டுகிற சத்தம் காதை வைத்தால்தான் கேட்டது. பதினைந்தாம் நாள், கிழிந்த பாயைத் தூக்கிப் போடுவதுபோல ஒவ்வொருவராகக் கொண்டுவந்து தவசியின் வாசலில் போட்டார்கள். "இந்தாப்பா, ஒன் இருட்டு." பால் கேனில், பக்கெட்டில், சுருட்டின ஜமுக்காளத்தில். தவசி ஒரு நாள் முழுக்கச் சுமந்து கரட்டில் கொண்டுபோய்க் கொட்டினான். புடவு பெருமூச்சு விட்டு முதல் கூடம்வரை பின்னால் நகர்ந்தது. தவழும் சந்துவரை நகர்ந்தது. இரண்டாம் கூடத்தில் பாதி வந்து நின்றுவிட்டது. சாயம் போன இருட்டுக்கு அவ்வளவுதான் ஆழம். தட்டிப் பார்த்தான். பதில் இல்லை.

இன்னும் ஒரு துண்டு வராமல் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். முதல் நாளே, எல்லாவற்றிலும் பெரியதாக முன்னால் நடந்து வந்த துண்டு, வேறெங்கும் தயங்காமல் நேராக மின்னல்கொடி வீட்டுக்குள் போனதை அவன் தொட்டியிலிருந்து பார்த்திருந்தான். அவள் அதை இடுப்பளவு தகர டிரம்மில் விட்டு, அரிசிக்குப் போடுகிற மூடியைப் போட்டு, மேலே அம்மிக்கல்லை வைத்து, ஒருதரம்கூடத் திறக்கவில்லை. ஊரில் சாயம் போகாத இருட்டு அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் போனான். கதவு சாத்தியிருந்தது.

"தங்கச்சி."

"வாங்கண்ணே. ஜன்னலச் சாத்திருக்கேன். பாத்து வாங்க, நெலப்படி இடிக்கும்."

டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மொட்டுகளைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்தான். உள்ளேயிருந்து சத்தம் வந்தது, தெளிவாக, பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டுவதுபோல. டொக், டொக், டொக். அவள் கை நிற்கவில்லை.

"ராத்திரியும் பகலும் தட்டுறாரு" என்றாள். "ஒம்பது வருசத்துல இப்பத்தான் வீட்டுல இருக்காரு."

"இது வந்தாத்தான் மூணாங் கூடம் தொறக்கும் தங்கச்சி. இங்கயே இருந்தா..."

"தெரியும். மூடிய ஒருநாள் தொறக்காம இருக்க முடியுமா. தொறந்தா இத்துப்போவாரு. குடுத்தா பாறைக்கு அங்கிட்டுப் போயிருவாரு." ஒரு மொட்டை எடுத்துப் பார்த்துக் கீழே போட்டாள். "குடுக்குறேன். அதுக்கு முன்னால ஒன்னு கேக்கணும். அன்னைக்கி நீங்க எவ்வளவு நேரம் தூங்குனீங்க?"

பத்து நிமிஷம் என்கிற வார்த்தை ஒன்பது வருஷப் பழக்கத்தில் அவன் நாக்குநுனிவரை வந்துவிட்டது. போலீஸிடம் சொன்னது, மில்லில் சொன்னது, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. டிரம்மிலிருந்து மறுபடியும் மூன்று தட்டு வந்தது.

"காலைல எட்டரைக்கு எறங்குனோம்" என்றான். "முழிச்சு மணி பாத்தேன். மூணரை."

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"ஏழு மணி நேரம்."

"ஆமா."

"ஒரு ஷிப்டு."

"ஆமா தங்கச்சி. அப்படி ஒரு தூக்கம் அதுக்கு முன்னாலயும் தூங்குனதில்ல, பின்னாலயும் தூங்கல. கண்ணு சொக்குறப்ப அவன் சொன்னான், 'மச்சான், இந்தப் பக்கம் காத்து வருது, பாத்துட்டு வரட்டா'ன்னு. நான் 'ம்'முன்னேன். என்னன்னுகூடக் காதுல வாங்கல. 'ம்'முன்னுட்டேன். அவன் போய்த் தட்டியிருப்பான். எத்தனை தடவை தட்டுனானோ."

அவள் பிரித்த மொட்டுகளை அள்ளிக் கூடையில் போட்டாள். பிறகு சொன்னாள்.

"புடவுக்குப் போயிட்டு வந்தா சொல்வாரு. தவசி தூங்குறதப் பாத்தா எழுப்ப மனசு வராதுன்னு. பாவம், தூங்கிட்டுப் போகட்டும்னு." குரலில் அழுகையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "நல்லாத் தூங்குனீங்கதான?"

"நல்லாத் தூங்குனேன்."

அவள் எழுந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தாள். "ஒரு பக்கம் புடிங்க."

பங்குனி வெயிலில் இரண்டு பேரும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு கரட்டில் ஏறினார்கள். நிழல் கண்ட இடத்தில் அவள் நிற்கவில்லை. வழியில் சந்தியாகு சைக்கிளை நிறுத்தி இறங்கி, ஒன்றும் கேட்காமல், கொஞ்ச தூரம் டிரம்மின் அடியில் கை கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். முதல் கூடத்தில் விளக்கை அணைத்தார்கள். டிரம்மை அவள் பின்னாலிருந்து தள்ள, அவன் முன்னால் கயிற்றுத் துண்டைக் கட்டி இழுக்க, சந்தில் தவழ்ந்து இரண்டாம் கூடத்துக்குப் போனார்கள். அவள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் எங்கே எங்கே என்று கேட்கவில்லை. பாறை மறித்து நின்ற இடத்தில் மூடியைத் தடவித் திறந்து, டிரம்மைச் சாய்த்தாள்.

சாக்கு இழுபடுகிற சத்தம் கேட்டது. பாறை விலகுகிற சத்தம் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் காற்று அடித்தது, அவர்களுடைய மூச்சு முன்போல் பக்கத்தில் இடித்துத் திரும்பாமல் தூரம் போய்வர ஆரம்பித்தது. காலடியில் நாற்பதடிப் பள்ளம் திறந்திருப்பதைத் தவசி குளிரிலேயே தெரிந்துகொண்டான். அவள் தோளைப் பிடித்து ஒரு எட்டுப் பின்னால் உட்கார வைத்தான். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு அவன் கல்லைத் தேடி எடுத்துப் பாறையை ஒருதரம் தட்டினான்.

ஒன்றும் வரவில்லை. அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். வெகு ஆழத்தில், பழைய இடத்திலிருந்து, பழைய தூரத்திலிருந்து வந்தது.

டொக். டொக்.

அவர்கள் மூன்றாவதுக்காகக் காத்திருந்தார்கள். அவன் நூறுவரை எண்ணினான், மறுபடியும் நூறுவரை எண்ணினான். வரவில்லை.

"ரெண்டுதானா?" என்றாள்.

"ரெண்டுதான்."

"ரெண்டுன்னா என்ன?"

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. அவனுடைய முகமும் அவளுக்குத் தெரியாது. எதையும் சொல்லிவிடலாம்.

"ரெண்டுன்னா வர்றேன்னு அர்த்தம்" என்றான். "ஆனா ஒரு துண்டு ஷார்ஜாவுக்குப் போயிருச்சு. மூணாவது தட்டு அதோட போயிருச்சோ என்னமோ. அவன் வர்றானா, இல்ல, காத்திருன்னு சொன்னது நமக்குப் பாதிதான் கேக்குதான்னு எனக்குத் தெரியல தங்கச்சி."

அவள் அதை எவ்வளவு நேரம் யோசித்தாள் என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவன் தூங்கிவிடக் கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு அவள் சட்டை நுனியை விட்டாள், டிரம்மின் மூடியைத் தடவி எடுத்தாள்.

"கயிறு எங்கண்ணே?"

"ஒங்க தொட்டியிலதான். அன்னைக்குப் போட்டது. பாதிதான் கழுவுனேன்."

"ரெண்டு வாரமாத் தண்ணிக்குள்ளயா கெடக்கு? மக்கிறப் போகுது. போய்க் கழுவிக் காயப் போடுங்க, ஞாயித்துக்கெழம வேணும்ல."

கீழே இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் போனாள். தவசி தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, கயிற்றின் சேறு படிந்த பாதியைக் கண்டுபிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து முழம் முழமாகத் தேய்க்க ஆரம்பித்தான்.